பாறைக் கரையில் படகு கட்டுதல்

ஸ்டாக்ஹோம் நகரத்துக்குக் கிழக்கே பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 30,000 தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் இடையே, கோடையில் பாய்மரப் படகு செலுத்திச் சுற்றிவரப் புறப்படுகிறவர்கள், பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வெகு விரிவாக விசாரித்துக்கொண்டு போகிறார்கள். ஆயினும் அவர்கள் திணறுவதை நான் பார்த்திருப்பதெல்லாம், பகல் முழுவதும் செவ்வையாக ஓட்டிவந்துவிட்டு, மாலையில் ஒரு பாறைக் கரையை அணுகும் கடைசி ஐம்பது மீட்டரில்தான். ஆகையால் அதையே விஸ்தாரமாகச் சொல்கிறேன். பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கே இக்கட்டுரை.

மற்றவை சுருக்கமாக. ஜூலை மாதம் ஸ்வீடன் தேசத்தாரின் விடுமுறைக் காலமாதலால் துறைகள் நெரியும். ஆகஸ்டு நடுப்பகுதி உத்தமம். வாக்ஸ்ஹோல்மில் தொடங்கி, கிரிண்டா, ஃபின்ஹாம்ன், மோயா என்று போய், வெளிக்கடலோரத்து ஸ்டோரா நாஸாவைப் பார்த்துவிட்டு, சாண்ட்ஹாம்ன் வழியாகத் திரும்பலாம். காகிதக் கடல் வரைபடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மின்திரையில் பெரிதாக்கிப் பார்க்காத வேளையில் சிறு பாறைகள் மறைந்துவிடுகின்றன. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்புறம், பச்சை வலப்புறம்.

இனி மாலை. காற்று இப்போது எங்கிருந்து வீசுகிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், இரவில் எப்பக்கம் திரும்பப்போகிறது என்பதையும் வானிலை அறிக்கையில் கேட்டுக்கொண்டு, விடியும்வரை கரையிலிருந்து படகை நோக்கிக் காற்று வீசக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பூர்வத்தில் இந்நிலத்தை மூடியிருந்த பனிப்பாளம் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் நகர்ந்துபோனதனால், பாறைகளின் வடபுறம் தேய்ந்து வழுவழுப்பாக மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்குவதும், தென்புறம் பெயர்ந்து செங்குத்தாக நிற்பதும் சகஜம். குளிப்பதற்கு வடபுறம் சுகம். படகுக்குத் தென்புறமே ஆழமுள்ளது. ஆனால் கோடையில் தென்மேற்குக் காற்று மிகுதியாதலால், எதிரே வேறொரு தீவு காவல் நிற்கும் குடாவாக அது இருக்கட்டும். நீருக்கு மேலே செங்குத்தாயிருக்கும் பாறை பெரும்பாலும் நீருக்கடியிலும் அப்படியே இறங்கும் என்றாலும், நம்பிவிட வேண்டாம்; ஒருமுறை மெதுவாக அருகே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிறகு கட்டுங்கள். இந்த ஒரு சுற்றுக்குச் சோம்புகிறவர்களே மறுநாள் படகின் அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே வழக்கம், அணியத்தைப் பாறைக்குக் காட்டி, நங்கூரத்தைப் பின்புறத்து அமரத்திலிருந்து போடுவது. கரைக்கு நான்கைந்து படகு நீளம் இருக்கும்போதே, இயந்திரத்தை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு, நங்கூரத்தை இறக்குங்கள்; பக்கக் காற்று இருக்குமானால் காற்று வரும் பக்கம் சற்று ஒதுக்கி இறக்குவது நலம். எறிவது நாடகத்துக்கு அழகாயிருக்கும், கடலுக்கு உதவாது. பிறகு பட்டத்தின் நூலை விடுவதுபோல் விரலின் இலேசான பிடிப்பில் கயிற்றை ஓடவிட்டு, கரைக்குப் பத்து மீட்டர் இருக்கையில் ஒரு கணம் இறுக்கிப் பிடியுங்கள்: படகு தயங்கி நின்றால் நங்கூரம் பற்றியது என்று அர்த்தம், நழுவினால் உடனே விலகி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பாறையில் கட்டிவிட்டுப் பிறகு நங்கூரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்கிறவர்களோடு நான் பிரயாணம் செய்வதில்லை.

முன்னே நிற்பவர் கயிற்றோடு பாறைமேல் கால் எடுத்து வைக்கவேண்டும், குதிக்கலாகாது. நீர்மட்டத்தை ஒட்டிக் கறுத்துத் தெரியும் பட்டை பாசி படர்ந்தது, எந்தச் செருப்பும் அதில் நிற்காது. அதற்கு மேலுள்ள உலர்ந்த இடத்தில்தான் பாதம் படவேண்டும். படகு வேகமாக வந்துவிட்டால் கையாலோ காலாலோ பாறையைத் தள்ளித் தடுக்கும் வீரத்தைக் கைவிட்டு, சுக்கானியைக் கூப்பிட்டு இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டச் சொல்வதே விவேகம்.

கயிறு இரண்டு வேண்டும், அணியத்திலிருந்து இருபுறமும் விரிந்து போகுமாறு. மரம் இருந்தால் தடித்த மரத்தில், பட்டை தேயாதபடி துணி சுற்றிக் கட்டுங்கள். மரம் இல்லாத இடத்துக்கென்றே கண்ணி வைத்த இரும்பு ஆப்புகள் விற்கிறார்கள். கடலுக்கு இணையாக ஓடும் வெடிப்பைத் தேடி, கயிற்றின் இழுப்பு ஆப்பை வெளியே பிடுங்காமல் அதன் குறுக்கே விழும்படி, சுத்தியலின் ஓசை மந்தத்திலிருந்து கணீரென்று மாறும்வரை அடிக்க வேண்டும். ஓசை மாறாவிட்டால் அது நல்ல வெடிப்பல்ல. பால்டிக் கடலில் ஓதம் அநேகமாக இல்லையானாலும், காற்றழுத்தமும் நீடித்த காற்றும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குமாதலால், அணியத்துக்கும் பாறைக்கும் இடையே ஒரு மீட்டராவது விட்டு, அமரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

இவ்வளவு சிரமமின்றி, அருகே மிதக்கும் நீல மிதவையில் கட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றும். அவை 1923-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஸ்வீடிஷ் குரூஸிங் சங்கத்தாருடையவை, அங்கத்தினர் கட்டிக்கொள்ளலாம்.

யாரும் குடியில்லாத கரையில், வீடுகளுக்கு அருகேயல்லாமல், ஓரிரவு தங்க அந்நாட்டுச் சம்பிரதாயம் அனுமதிக்கிறது. பறவைகளுக்கென ஒதுக்கிய திட்டுகளில் பலகை அறிவிக்கும் காலம் முடியும்வரை நெருங்கவே கூடாது. கருங்கல்லின்மேல் நேராகத் தீ மூட்டினால் அது வெடித்து, வடு என்றென்றும் நிற்கும். படகின் கழிவறைத் தொட்டியைக் கடலில் திறப்பது 2015 ஏப்ரல் முதல் சட்ட விரோதம். உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள் பெரிய துறைகளில் இருக்கின்றன.

நள்ளிரவில் காற்று திரும்பிப் பாறையை நோக்கித் தள்ளத் தொடங்கினால் யோசித்துக்கொண்டிராதீர்கள். இயந்திரத்தை முடுக்கி, முன் கயிறுகளை அவிழ்த்து, பின் நங்கூரத்தின் கயிற்றைப் பற்றி இழுத்துக்கொண்டே வெளியேறிவிட வேண்டும். ஆப்புகளைக் கழற்ற நேரமில்லையானால் அவை அங்கேயே கிடக்கட்டும், விடிந்தபின் வந்து பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.