அரை நூல் சொல்லும் பாடம்

பனமலையில் எட்டாம் வகுப்பு அளவியலோடு இச்செயல்பாட்டை நான் செய்கிறேன். வீட்டுப் பெரியவரின் உயரத்துக்கு நூல் வெட்டி, இரண்டாக மடித்து, அவர் இடுப்பைச் சுற்ற வேண்டும். முனைகள் தொடாவிட்டால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி.

அகன்ற இடுப்பு, உயர் இரத்த அழுத்தம், உயர் சர்க்கரை, மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது வளர்சிதை மாற்ற நோய்க்குறித்தொகுப்பு. இது சிறுநீரக வடிகட்டிகளைச் சிதைக்கும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு இதய நோய் அபாயத்தையும் கூட்டும். தொடக்கத்தில் அறிகுறி தெரியாது. சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்தால்தான் தெரியும்.

மாணவரிடம் ஒன்றை வலியுறுத்துங்கள்: இளநீரிலும் சோடியம் குறைத்த உப்பிலும் பொட்டாசியம் மிகுதி, சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நூல் அளவை வகுப்பில் கேட்காதீர்கள். அது வீட்டாருக்கு மட்டும்.