நோயாளியின் வீட்டில் நோயுற்ற காவல் நாய்

தோப்பும் ஆட்டுக் கிடையும் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் காவலுக்கு ஒரு நாய் இருப்பது புதிதன்று. விளைநிலம், கால்நடை, வேட்டை ஆகியவற்றுக்காக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இத்தகைய தேவை ஏதுமின்றி வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என எச்சரித்தும் இருக்கிறார்கள். ஆகவே, தேவைக்காக வைத்துள்ள நாயைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

அந்த நாய்க்குத் தோல் நோய் கண்டுவிட்டது. மேனி சிவந்து, ரோமம் உதிர்ந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்கிறது. அதைப் பராமரித்து வந்த பெரியவரோ குடலிறக்கத்திற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தையல் ஆறாமல் படுத்திருக்கிறார். இந்நிலையில் வீட்டார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "நஜீஸான பிராணி, தொழுகை நடக்கும் வீடு, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பார் ஒருவர். "வாயில்லா ஜீவனாயிற்றே!" என்று பெரியவரே ஆறாத புண்ணோடு எழுந்து மருந்து பூசப் போவார். இரண்டும் சரியல்ல. சுத்தத்தைக் காரணம் காட்டி இரக்கத்தைக் கைவிடவும் கூடாது. இரக்கத்தைக் காரணம் காட்டி நமது உடலைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது.

நஜீஸ் வேறு, வெறுப்பு வேறு

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தமது காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள செய்தி. கால்நடைகளின் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டா என ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு உள்ளானதையும் அவர்களே அறிவித்தார்கள். காவலுக்கென்று நாம் கட்டிவைத்த நாய்க்கு நோய் வந்தால், அதற்கு நாமே பொறுப்பாளிகள். தெருவில் விட்டுவிடுவதால் பொறுப்பு நீங்குவதில்லை. நோய்தான் ஊருக்குப் பரவும்.

சட்டம் என்ன?

ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் கடும் நஜீஸ். நம் கையோ, நாயின் உடலோ, இரண்டுமோ ஈரமாக இருக்கும்போது பட்டால், பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை, தூய மண்ணை நீர் கலங்கும்படி கரைத்துக் கழுவ வேண்டும். சோப்பு மண்ணுக்கு ஈடாகாது என்பதே அம்மத்ஹபின் வலுவான கூற்று. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கூற்றின்படி நாயின் உமிழ்நீர் நஜீஸ். அதன் உடலே நஜீஸ் அன்று. மூன்று முறை கழுவினால் போதும்; ஏழு முறை கழுவுவது விரும்பத்தக்கது. மாலிக்கீ மத்ஹபிலோ நாய் தூய்மையானது என்றே கூறப்படுகிறது.

இங்கு இரண்டு விஷயங்களைப் பலர் அறிவதில்லை. முதலாவது, இரண்டும் காய்ந்திருக்கையில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. இரண்டாவது, நாயைத் தொடுவதால் உளூ முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். காரணமின்றி நஜீஸைப் பூசிக்கொள்வதுதான் தடை. மருந்திடுவது தேவை, தேவைக்குத் தடையில்லை. ரப்பர் கையுறை அணிந்துகொண்டால் கழுவும் சிரமமும் குறையும், தொற்றும் தடுக்கப்படும்.

நோயாளி கவனிக்க வேண்டியவை

தையல் ஆறும்வரை பெரியவர் நாயைத் தூக்கவோ, சங்கிலியைப் பிடிக்கவோ கூடாது. நாய் ஓர் இழுப்பு இழுத்தாலும் தையலுக்குக் கேடு. அந்த வேலையை மகனோ பேரனோ ஏற்றுக்கொள்ளட்டும்.

நாயின் வாயில் இருக்கும் சில கிருமிகள் ஆறாத புண்ணில் பட்டால் சீழ் பிடிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். நாய் புண்ணை நக்கிவிட்டால் அதனைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கிழிந்த தோலில் நாயின் உமிழ்நீர் படுவதை, கடிபட்டதற்குச் சமமான மூன்றாம் வகையிலேயே உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. காலத்தில் போடும் ஊசியே காப்பு. நாய்க்கும் தவறாமல் தடுப்பூசி போட்டுவர வேண்டும்.

ஏழு முறை கழுவும் சட்டத்தை எண்ணி, ஆறாத தையலில் மண்ணை வைத்துவிடாதீர்கள்! மண்ணில் டெட்டனஸ் என்னும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். தீங்கு வரும் இடத்தில் ஷரீஅத் சலுகை தருகிறது. அந்நிலையில் தொழுத தொழுகையைக் குணமான பின் மீண்டும் தொழ வேண்டுமா என்பதை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்குச் செய்ய வேண்டியவை

அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறியை உண்டாக்கும் நுண்பூச்சி, படர்தாமரை, உணவு ஒவ்வாமை எனப் பல உண்டு. சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும் தொற்றும். எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தோலைச் சுரண்டிப் பார்த்துக் காரணம் அறிந்த பின்பே மருந்து கொடுக்க வேண்டும்.

வண்டியில் வடித்த பழைய எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பூசும் வழக்கத்தை விட்டொழியுங்கள். நாய் அதை நக்கும், அது நஞ்சு. பெரியவருக்குக் கொடுத்த வலி மாத்திரையையும் களிம்பையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்; அவற்றில் பல அதன் உயிருக்கே உலை வைக்கும். மருத்துவர் மருந்து ஷாம்பு எழுதித் தந்தால், பெரும்பாலும் 10 நிமிடம் ஊறவிட்டே அலச வேண்டும். கிணற்றடியில் குளிப்பாட்டாமல், தோப்பில் ஒதுக்குப்புறமாக, தனி வாளியும் தனிக் கைலியும் வைத்துக்கொண்டு செய்க. தொழும் உடை வேறாக இருக்கட்டும். நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும் நாய்க்குக் கழுத்தில் புனல் போன்ற பட்டை மாட்டினால் பாதி வேதனை குறையும்.

கட்டும் உளூவும்

கை, கால் முதலிய உளூவின் உறுப்பில் கட்டு இருந்தால், நலமான பகுதியைக் கழுவி, கட்டின் மீது ஈரக்கையால் தடவ வேண்டும். ஹனஃபிகளுக்கு இது போதும். ஷாஃபிஈகள் இத்துடன் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கட்டு வயிற்றில் இருந்தால் உளூவுக்குத் தடையே இல்லை. ஆகவே புண்ணைச் சாக்காக வைத்துத் தொழுகையை விட வழியில்லை.

அன்பர்களே! உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம்மை நம்பிக் கிடக்கும் ஜீவனும் அவ்வாறே. ஒன்றுக்காக மற்றொன்றை வீணாக்க வேண்டியதில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இரண்டையும் காக்கலாம். நோயாளிக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! சுத்தமும் இரக்கமும் ஒருங்கே அமைந்தவர்களாக நம்மனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.