வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய இரண்டு வீடியோவையும் பார்த்தேன். மாதாமாதம் மார்பைத் தடவிப் பார்த்தாலே புற்றுநோயிலிருந்து தப்பிவிடலாம் என்கிறது ஒன்று. அதனால் துளியும் பயனில்லை என்கிறது மற்றொன்று. "நர்ஸா இருந்தவங்க நீங்க, எது நிஜம் அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

பயனில்லை என்பவர்கள் ஷாங்காய் ஆய்வை வைத்துப் பேசுகிறார்கள். 1989-இல் தொடங்கியது. அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,000 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள். பொம்மை மார்பில் கட்டியைத் தேடப் பழக்கி, திரும்பத் திரும்ப நினைவூட்டவும் செய்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சாவு ஏறக்குறைய ஒரே அளவு. கற்றுக்கொண்டவர்கள் பக்கம் கூடியிருந்தது, கெடுதல் இல்லாத கட்டிகளுக்குச் செய்த பயாப்ஸிதான். அதனால் காலண்டரில் வட்டம் போட்டு, ஒரு மாதம் தவறினால் குற்றம் செய்ததுபோல் பதறுகிற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம்.

அதற்காகக் கையே வைக்காமல் இருந்துவிடாதே. நம் ஊரில் தவறாமல் மேமோகிராம் எடுக்கிற பெண்கள் எத்தனை பேர்? என் வார்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குளிக்கும்போதோ ஜாக்கெட் மாட்டும்போதோ தாங்களே கட்டியைக் கண்டவர்கள். கண்ட பிறகுதான் மாதக்கணக்கில் ஓடிவிடும். பையனுக்குப் பப்ளிக் பரீட்சை, நாத்தனார் கல்யாணம், ஆடி கழியட்டும், ஆம்பிளை டாக்டரா இருந்தா எப்படிக் காட்டுறது... நடுவில் யாராவது பச்சிலைப் பத்தும் போட்டுவிட்டிருப்பார்கள். கடைசியில் வந்து உட்கார்ந்ததும் சொல்கிற வார்த்தை, "வலிக்கவே இல்லையே சிஸ்டர்." அந்த வலியின்மைதான் ஆளைக் கவிழ்க்கிறது. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்திருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருப்பார்கள்.

நீ செய்ய வேண்டியது, உன் உடம்பின் வழக்கம் என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்வது. மாதவிலக்குக்கு முன்னால் பலருக்கும் மார்பு கனத்து, நெறிநெறியாக இருக்கும். அப்போது தொட்டுப் பார்த்துப் பயப்படாதே. விலக்கு முடிந்த சில நாளில், சோப்புக் கையோடு, மூன்று விரலின் தட்டைப் பகுதியால் அழுத்திப் பார். விரல் நுனியால் கிள்ளிப் பார்த்தால் எல்லாமே கட்டி மாதிரித்தான் தெரியும். கழுத்தெலும்பு வரைக்கும் போ, அக்குளை விடாதே. அக்குள் பக்கத்து மேல்பகுதியில்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. கண்ணாடியிலும் ஒருமுறை பார். தோல் குழிந்திருந்தாலோ ஆரஞ்சுத் தோல்போல் தடித்திருந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருந்தாலோ, அதில் ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ காட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருப்பது பலருக்கும் உள்ளதுதான்.

சின்னவனுக்கு இன்னும் பால் கொடுக்கிறாய். பால் கட்டிக்கொள்வது சகஜம். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால், "பால்கட்டுதான்" என்று உன் மாமியார் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் சரி, போய்க் காட்டு. இந்தச் சமயத்தில் வருகிற கட்டியைத்தான் எல்லோரும் தாமதமாகக் கவனிக்கிறார்கள்.

காட்டினால் டாக்டர் கையால் பார்ப்பார், உன் வயதுக்கு ஸ்கேன் எழுதுவார், சந்தேகம் இருந்தால் ஊசி வைத்துத் துளி சதை எடுத்து அனுப்புவார். உன் வயதில் பெரும்பாலான கட்டிகள் ஒன்றும் இல்லாதவைதான். ஊசி பட்டால் பரவிவிடும் என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் இன்னும் உலாவுகிறது, நம்பாதே. புற்றுநோயாகவே இருந்தாலும் சிறிதாக இருக்கையில் பிடித்தால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றிவிட முடிகிறது. மார்பை எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் கடைசியில் அதை எடுக்க நேர்ந்தது.

இன்னொன்று. "அம்மா வழியில யாருக்கும் இல்ல" என்று எழுதியிருக்கிறாயே, அப்பா வழியிலும் இது வரும். உன் தாத்தாவின் அக்கா மார்பில் புண் வைத்துத்தான் போனார். வீட்டில் அதை 'வெடிப்பு நோய்' என்று பூசி மெழுகிவிட்டார்கள். டாக்டரிடம் மறக்காமல் சொல். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. அபூர்வமாக ஆண்களுக்கும் வரும் என்று உன் அப்பாவுக்கும் சொல்லிவை. சிரிப்பான், சிரிக்கட்டும்.

எனக்கு உண்மையில் கவலை உன்னைப் பற்றி அல்ல, உன் அம்மாவைப் பற்றி. மும்பையில் டாடா மருத்துவமனைக்காரர்கள் 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். ஐம்பது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் அப்படிக் குறையவில்லை. 56 வயதில் உன் அம்மா இதுவரை ஒரு டாக்டரிடமும் மார்பைக் காட்டியதில்லை. முப்பது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க ஏற்பாடு இருக்கிறது. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. உனக்குத் துணைக்கு என்று சொல்லி அழைத்தால்தான் கிளம்புவாள். அப்படியே மேமோகிராமுக்கும் எழுதி வாங்கிக்கொள். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை