மழைக்காலத்திற்குக் கோழிக்கூட்டை ஆயத்தம் செய்தல்

காஷ்மீரத்திலும் இமயமலைச் சாரலிலும் வீட்டுக் கோழி வளர்ப்போர் பனிக்காலம் வருமுன் கூட்டைச் சீர்ப்படுத்துவர். அந்தமான் தீவுகளில் அத்தகைய குளிர் இல்லை. போர்ட் பிளேரில் (2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம்) தை மாத இரவிலும் வெப்பம் சாதாரணமாக 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. எனினும் ஷாதிபூர் போன்ற பகுதிகளில் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவருக்கும் ஒரு கடினமான பருவம் உண்டு. அது மழைக்காலம். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளாலும் இங்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஈரமான ஒரு வாரத்தில் குஞ்சுகள் அனைத்தையும் இழக்கும் குடும்பங்களும் உண்டு. ஆதலால் இப்பொருளைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

ஈரம் தீங்கு செய்வது எவ்வாறு?

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே அவ்வெப்பத்தைக் காக்கும் போர்வையாகும். இறகு நனைந்தால் அக்காற்று வெளியேறிவிடுகின்றது. வெப்பமான நாட்டிலும் கோழி குளிரால் வருந்துகின்றது. குஞ்சுகளுக்கு இத்துன்பம் மிகுதி.

இரண்டாவது தீங்கு கூளத்திலிருந்து வருவது. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு நீரே. ஈரமான கூளத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா வாயு எழுகின்றது. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்படுத்துகின்றது. மேலும், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஓரிரு நாட்களில் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன.

செய்ய வேண்டுவன

சித்திரை முடிவதற்குள் கீழ்க்கண்டவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.

1. தரை: கூட்டின் தரை சுற்றுப்புறத்தினும் ஓர் அடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். சரிவான நிலமாயின், மேட்டுப் பக்கத்தில் கால்வாய் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுக.

2. கூரை: சாரல் உள்ளே புகாதபடி இறவாணம் மூன்றடி வெளியே நீண்டிருத்தல் நன்று.

3. காற்று: மழைக்கு அஞ்சிக் கூட்டின் நாற்புறத்தையும் தார்ப்பாயால் மூடுவது பெருந்தவறு. கோழிகள் மூச்சில் விடும் நீராவி உள்ளேயே தங்கிவிடும். காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் பாயைக் கட்டி, கூரையை ஒட்டிய மேற்பகுதியை எப்போதும் திறந்து வைத்தல் வேண்டும். மழையைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுத்தலாகாது.

4. கூளம்: உமி அல்லது மரத்தூளை மூன்று அங்குல உயரம் பரப்பி, நாள்தோறும் கிளறிவிடுக. ஒரு கைப்பிடி கூளத்தை அழுத்திப் பார்த்தால் அது உருண்டையாகாமல் உதிர வேண்டும். உருண்டையானால் அப்பகுதியை நீக்குக. சுண்ணாம்புத் தூள் ஈரத்தை உறிஞ்சுமாயினும், முதலில் கூளத்திலுள்ள அம்மோனியாவை வெளிப்படுத்தும். ஆகவே கோழிகளை வெளியே விட்டபின்னரே அதனைத் தூவுக.

5. இடம்: கோழி ஒன்றுக்கு இரண்டரைச் சதுர அடி தேவை. பத்துக் கோழிகளுக்கு ஐந்தடிக்கு ஐந்தடிக் கூடு போதும். இரவில் அமரக் கோழி ஒன்றுக்கு எட்டங்குலக் கழி அமைத்தால், அவை ஈரத்தரையில் படுக்க மாட்டா.

6. தீனி: பூஞ்சணம் பிடித்த தீனியில் ஈரலைக் கெடுக்கும் நச்சு உண்டாகலாம். அதனை உலர்த்தியும் கொடுத்தலாகாது.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை மழைக்கு முன்னரே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுவிப்பது நன்று.

இனத்தேர்வும் கவனிக்கத்தக்கது. குட்டைக் கால்களையுடைய நிக்கோபாரிக் கோழி இத்தீவுகளின் தட்பவெப்பத்திற்குப் பழகிய நாட்டினம். 1978-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, போர்ட் பிளேர் மத்திய தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தை ஆராய்ந்து வந்துள்ளது. ஆயினும் எந்த இனமும் ஈரக்கூட்டின் தீங்குக்கு முற்றிலும் தப்பாது.

வகுப்பறைச் சோதனை

ஒரே அளவு வெந்நீர் நிறைந்த இரு புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றை உலர்ந்த பஞ்சினாலும், மற்றொன்றை நனைந்த பஞ்சினாலும் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைக்க. அரைமணி நேரங் கழித்து வெப்பமானியால் அளந்தால், நனைந்த பஞ்சு சுற்றியது அதிகமாகக் குளிர்ந்திருக்கும். பின்னர் மாணவர்கள் தத்தம் வீட்டுக் கூட்டின் கூளத்தைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்து, மறுநாள் வகுப்பில் தெரிவிக்கட்டும். வீட்டில் சொல்ல வேண்டிய செய்தியை அவர்களே கண்டுகொள்வர்.