இழுப்பு வருமுன் எண் சொல்லும்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் தாய்மார்களே! "நேத்து நல்லாத்தான் இருந்தான் டாக்டர், ராத்திரி திடீர்னு இழுப்பு வந்துடுச்சு" என்பீர்கள். ஆனால் பல பிள்ளைகளுக்கு மூச்சின் வேகம் முன்பே குறையத் தொடங்கிவிடும். அதை வீட்டிலேயே அளக்கும் கருவிதான் 'பீக் ஃப்ளோ மீட்டர்'. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளே ஊதப் பழகலாம்.

காலை, மாலை நிற்கவைத்து, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதச் சொல்லுங்கள். மூன்று முறை ஊதியதில் அதிகமானதைக் குறியுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் கிடைத்த உச்ச அளவு 300 என்று வையுங்கள். 240க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி செய்யுங்கள். 150க்குக் கீழே போனால் இழுப்பைத் தணிக்கும் இன்ஹேலரைக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

'சமீர்' செயலியில் மணலி நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டையும் பார்த்து, பக்கத்திலேயே எழுதுங்கள். எந்தக் காற்று பிள்ளைக்கு ஆகவில்லை என்பது புரியும். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அளந்துகொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறோமே என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்!