காலடிகளை எண்ணும் கைத்தொலைபேசி

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர் நம் முன்னோர். அச்செல்வத்தில் நம் சமுதாயம் பின்தங்கியே நிற்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது, 29.9 விழுக்காட்டினரிடம் போதிய உடலியக்கம் இல்லை. 2019ஆம் ஆண்டு ஆய்விலோ, மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. இந்நிலையை மாற்ற, நம் கைத்தொலைபேசியிலுள்ள உடற்பயிற்சிச் செயலிகள் உதவுமா?

இச்செயலிகள் நம் காலடிகளை எண்ணுகின்றன. இலக்கை அடைந்தால் பாராட்டுகின்றன. பலரும் இலக்காகக் கொள்ளும் 10,000 காலடி, மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி அளவியின் பெயரிலிருந்து அது பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமே. ஆகவே, 10,000ஐ எட்டவில்லையே என்று மனம் தளர வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல், ஆர்வம் நீடிக்காததுதான். 2016இல் 'போக்கிமோன் கோ' விளையாட்டு வந்தபோது, அமெரிக்காவில் 18 முதல் 35 வயதினரை ஆராய்ந்தனர். முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 955 காலடிகள் கூடுதலாக நடந்தவர்கள், ஆறாம் வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பினர்.

ஏன்? மனிதனின் ஊக்கம் நிலைக்க மூன்று தேவை என்கின்றனர் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்: தானே விரும்பிச் செய்தல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு பிணைப்பு. செயலி இரண்டாவதை ஓரளவு தரும். மற்ற இரண்டையும் நாமே தேட வேண்டும்.

பினாங்குத் தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளைத் தைப்பூசத்தன்று முதியோரும் ஏறுகின்றனர். அவர்களை ஏற்றுவது கைத்தொலைபேசி அன்று. வேண்டுதலும் உடன்வரும் குடும்பமுமே. ஆனால், ஆண்டுக்கு ஒருநாள் ஏறுவது உடல்நலத்திற்குப் போதாது. அந்தத் துணையை வாரந்தோறும் ஏற்படுத்திக்கொள்வதே நமக்குரிய வழி.

மலையடிவாரத்திற்கு அருகிலேயே 1884இல் அமைந்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. விடுதி நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாரம் மூன்று மாலைகள் அங்கு நடக்கலாம். சென்ற வாரத்தைவிட நாளொன்றுக்கு 500 காலடிகள் கூடுதல் என்று சிறிய இலக்கு வைக்கலாம். விடுமுறையில் வீடு திரும்பும்போது அம்மா அப்பாவையும் அழைத்துச் செல்லலாம். பிறகு குடும்பப் புலனக் குழுவில் அன்றாடக் கணக்கைப் பகிரலாம்.

கைத்தொலைபேசி எண்ணட்டும். நடக்க வேண்டியவர்கள் நாமே, சேர்ந்தே நடப்போம்!