ஓய்வும் நூலும்

கல்லூரியில் சேரும் மாணவர்க்குப் பள்ளியில் கிடைக்காத ஒரு செல்வம் கிடைக்கின்றது. அதுவே ஓய்வு நேரம். பள்ளியில் காலை முதல் மாலை வரை மணியோசைக்கு ஏற்ப வகுப்புகள் நடைபெறும். கல்லூரியிலோ இரண்டு வகுப்புகளுக்கு இடையே ஒரு மணி நேரம் ஓய்வு வாய்ப்பதுண்டு. மாலைப் பொழுதும் விடுமுறை நாட்களும் பெரும்பாலும் மாணவர்க்கே உரியன. அந்நேரத்தில் 'இதைப் படி' என்று கட்டளையிடுவார் எவரும் இலர். கட்டளையிடுவார் இல்லாதபோது ஒருவன் படிக்கின்றானா என்பதே அவன் பெற்ற கல்விக்கு உண்மையான தேர்வு.

பாடநூல் இன்றியமையாதது. ஆயினும், அதில் உள்ள வினாக்கள் பிறர் நமக்காக வகுத்தவை. தேர்வு முடிந்ததும் விடைகளைப் பலர் மறந்து விடுகின்றனர். நாமே விரும்பி எடுக்கும் நூலோ நம் உள்ளத்தில் எழுந்த வினாவுக்கு விடை தருவது. ஆதலின் எளிதில் மறப்பதில்லை. கதை நூலைக் கையில் எடுத்தாலே 'பாடத்தைப் படி' என்று கடியும் பெற்றோரும் உளர். பாடத்தைப் புறக்கணித்துக் கதை படித்தல் தவறே. ஆனால் ஓய்வு நேரத்தில் படிக்கும் நல்ல கதை, பிறர் துன்பத்தை உணரும் உள்ளத்தைத் தரும், மொழியறிவையும் வளர்க்கும்.

படிக்கும் விருப்பம் இருந்தால் மட்டும் போதுமா? நூல்கள் கைக்கு எட்ட வேண்டும். இதனை நன்கு உணர்ந்தவர் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். தனிமை மிகுந்த அப்பணி தொடக்கத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்றார். அங்கே நூலகங்கள் மக்களுக்குப் பயன்படுவதைக் கண்டபின், அவர் உள்ளம் முற்றிலும் மாறியது. தாயகம் திரும்பியதும் சென்னையில் திறந்த அலமாரி முறையை ஏற்படுத்தினார்.

அலமாரிகள் மூடியிருக்கும் நூலகத்தில், மாணவன் தான் வேண்டும் நூலின் பெயரைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். பணியாளர் அதை எடுத்து வருவார். பெயர் தெரியாத நூலை அவன் எவ்வாறு கேட்பான்? திறந்த அலமாரியின்முன் நிற்பவனோ ஒரு நூலைத் தேடிச் சென்று, அதன் அருகே இருக்கும் வேறொரு நூலையும் காண்கிறான், புரட்டிப் பார்க்கிறான், அங்கேயே நின்று இரண்டு பக்கம் படித்து விடுகிறான். ஓய்வு நேரப் படிப்பு பெரும்பாலும் இவ்வாறே பிறக்கின்றது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது, 1931ஆம் ஆண்டு அரங்கநாதன் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது. ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பன அடுத்த இரண்டு.

இவருடைய முயற்சியால் 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் தோன்றியது. மக்கள் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் பெற்று நூலகங்களை நடத்த அது வழிசெய்தது. சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாணவர்க்காகக் காத்திருக்கின்றன. கிளை நூலகங்களோ ஊர்தோறும் பல உள்ளன.

இன்று நூலுக்குக் குறைவில்லை. நேரத்தைத்தான் கைப்பேசி கவர்ந்து கொள்கிறது. நாள்தோறும் அரைமணி நேரத்தை மீட்டால் போதும். அரைமணியில் பத்துப் பக்கம் படிப்பவன், ஒரு திங்களில் முந்நூறு பக்கம் கொண்ட நூலொன்றை முடிப்பான். மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு முடிவதற்குள் 36 நூல்கள் அவனுக்கு உரியன ஆகும்!

மாணவர்களே! கல்லூரியை விட்டு வெளியேறியபின் பாடநூல் தருவார் இலர். தேர்வு வைப்பாரும் இலர். அந்நாளிலும் அறிவு வளரவேண்டுமானால், தாமே படிக்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தைக் கல்லூரி வாயிலை மிதிக்கும்வரை தள்ளிப்போட வேண்டுவதில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் நீங்கள் விரும்பும் நூல் ஒன்றை இவ்வாரமே தேடி எடுங்கள். முதல் நூல் சுவைக்கவில்லையேல், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். உங்களுக்குரிய நூல் அங்கே இருக்கின்றது.